தேவகியின் ஷிப்ட்

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் என் நடு மகனிடம் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "உங்கப்பா என்ன பண்றார்?" அவனுக்கு முன்னால் எழுந்த பிள்ளைகள் வெல்டர், லாரி டிரைவர், மளிகைக்கடை, கம்பெனி என்று வரிசையாகச் சொல்லி அமர்ந்திருக்கிறார்கள். இவன் எழுந்து, ஒரு கணமும் யோசிக்காமல், "தூங்குறாரு மிஸ்" என்றிருக்கிறான். "இப்ப என்ன பண்றார்னு கேக்கலடா, அவருக்கு என்ன வேலைன்னு கேட்டேன்." "அதான் மிஸ். தூங்குற வேலை."

இதை நான் கேட்டது மறுநாள் காலை ஆறு இருபதுக்கு, கம்பெனிப் பேருந்தின் மூன்றாவது இருக்கையில். ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. இரவு பத்து மணிக்கு முன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் காலையில்தான் கைக்கு வரும். முந்தைய நாள் மாலை பள்ளி வாசலில் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இரவு பிள்ளைகளை உறங்கவைத்தபின் என் மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் குரல்பதிவாக அனுப்பியிருந்தாள். நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரருக்கும் சொன்னேன், அவரும் சிரித்தார். தண்டலத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பேருந்து பேரம்பாக்கம் சாலையில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு நின்றிருந்தது. பையன் பொய் சொல்லவில்லையே என்ற நினைப்பு வந்துவிட்டது.

இலக்கியக் கூட்டமொன்றின் தேநீர் இடைவேளையில் இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் நண்பர் ஒருவர், "நல்லா இருக்கு. ஆனா இதெல்லாம் வாரப் பத்திரிகைத் துணுக்குக்குத்தான் ஆகும்" என்றார். பிள்ளைகளின் குறும்பும் மழலையும் எழுத்துக்கு உரிய பொருளல்ல, அவை குடும்பங்களுக்குள் சொல்லிச் சிரித்து மறக்கவேண்டியவை என்பது அவருடைய கட்சி. மரணமும் பசியும் துரோகமும் இருக்க, சுவரில் யானை வரைந்த சிறுவனை எழுதுவானேன்? அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. (கூட்டங்களில் எனக்கு எப்போதுமே பதில் பேருந்து நிறுத்தத்தில்தான் வரும்.) அவருக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஏரியும் வயலும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் லைன் வீடுகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டெய்ம்லர் என்று இந்த வட்டாரம் முழுவதும் ஆலைகளின் நேரத்துக்கு மாறிவிட்டது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடப்பட்டதும் இதே நிலத்தில்தான். இந்தப் பகுதியில் ஒரு வீட்டின் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல இயலாது. அந்த வீட்டுக்காரர் எந்த ஷிப்ட் என்று கேட்டுத்தான் அங்கே இப்போது பகலா இரவா என்று சொல்லவேண்டும். 'ஏ' ஷிப்ட் வாரத்தில் எங்கள் வீட்டில் விடிகாலை நான்கரைக்குப் பொழுது புலரும். 'சி' ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு இரவு தொடங்கிவிடும்.

அந்தப் பகலிரவில் மூன்று ஆண்பிள்ளைகள் வளர்கிறார்கள். மூத்தவனுக்கு ஒன்பது, நடுவனுக்கு ஆறு, சின்னவனுக்கு மூன்று. வீடோ ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. நான் உறங்கும் அறைக்கும் அவர்கள் விளையாடும் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு. ஆகவே எங்கள் பிள்ளைகள் பேசக் கற்றதற்குப் பக்கத்திலேயே கிசுகிசுக்கவும் கற்றார்கள். ஊரிலிருந்து வந்த என் மாமியார், நடுவனும் சின்னவனும் ஒரு ரப்பர் பந்துக்காகத் தரையில் புரண்டு, தலைமயிரைப் பற்றி இழுத்து, கையைக் கடித்துச் சண்டையிட்டதைப் பார்த்து அரண்டுபோனார். சண்டை அவருக்குப் புதிதல்ல. இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு சத்தமும் வராததுதான் காரணம். "என்னடி, புள்ளைங்களுக்குத் தொண்டைல எதுனா கோளாறா?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். கடிபட்ட சின்னவன் அழுவதற்காக எழுந்து, கொல்லைப்புறத் துவைகல் வரை ஓடி, அங்கே நின்று வாய்விட்டு அழுது, முடித்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்து சத்தமில்லாமல் சண்டையைத் தொடர்ந்திருக்கிறான்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கவேண்டியதுதான். ஆனால் நம் இலக்கியத்தில் பிள்ளை வளர்ப்புக்கு வகுத்த பருவங்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொன்றும் தோன்றக்கூடும். பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பிள்ளைக்கென்று தனியாக வைத்தவை சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைப்பது, பறை கொட்டுவது, சிறிய தேரை உருட்டுவது. உடைத்தல், சத்தம், ஓட்டம் ஆகிய மூன்றும் ஆண்பிள்ளையின் இலக்கணம் என்று புலவர்கள் கண்டு வைத்திருக்கிறார்கள். மூன்று பையன்களை வைத்திருப்பவர் எவரும் அதை மறுக்கமாட்டார். ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கிப் பாடிய பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமியைப் பாடிய பதினேழாம் நூற்றாண்டு வரை, அதற்குப் பிறகும், அரசனானாலும் முருகனானாலும் அந்த மூன்றும் அவனுக்கு உண்டு.

எங்கள் வீட்டில் சிற்றில் உண்டு: எதிர்ப்புறம் வீடு கட்டுவதற்காகக் கொட்டிய எம்-சாண்ட் குவியலில் பக்கத்து வீட்டுப் பெண் கட்டிய கோயிலை என் சின்னவன் மிதித்துவிட்டு, அவள் அழுததும் தானும் சேர்ந்து அழுது, யார் மிதித்தது என்று விசாரிக்க வந்தவர்களிடம் மணலையே கைகாட்டினான். சிறுதேர் தாராளமாக உண்டு: பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஐந்து பொம்மைக் கார்களை இரண்டு அடுக்காக அடுக்கிக் கயிறு கட்டி இழுக்கிறார்கள், நெடுஞ்சாலையில் போகும் கார் ஏற்றிய டிரெய்லர்களைப் பார்த்து. சிறுபறைதான் இல்லை. சிறுபறைப் பருவம் எங்கள் வீட்டில் 'சி' ஷிப்டால் தடைசெய்யப்பட்டது. தட்டும் கரண்டியும் அலமாரியின் மேல்தட்டில், அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் அன்றாடம் பெரிய எழுத்துக்கு உரியதல்ல என்றால் புறநானூற்றைத் தொகுத்தவர்கள் 188ஆம் பாட்டைச் சேர்த்திருக்கவேண்டியதில்லை. பாண்டியன் அறிவுடை நம்பி அதில் சொல்வது போரையோ கொடையையோ அல்ல. குறுகக் குறுக நடந்து வந்து, கையை நீட்டி, சோற்றைத் தரையில் இட்டு, தொட்டு, வாயில் கவ்வி, துழாவி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் ஒரு குழந்தையை அவன் பார்க்கிறான். அப்படியொரு குழந்தை இல்லாதவனுக்கு எத்தனை செல்வம் இருந்தும் வாழ்நாளில் பயனில்லை என்கிறான். வினைச்சொற்களாகவே போகும் பாட்டு. சாப்பாட்டு நேரத்தில் எதிரில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒவ்வோர் அசைவாகப் பார்த்த ஒருவனால்தான் அதை எழுத முடியும். வள்ளுவரும் மக்கட்பேற்றில் சிறு கை அளைந்த கூழின் சுவையைச் சொல்கிறார். அவரும் அதை உண்டு பார்த்திருக்கவேண்டும், அல்லது உண்டவன் முகத்தையாவது பார்த்திருக்கவேண்டும். பாண்டியனுக்கு ஒரு வசதி இருந்தது. அவன் அரசன், அவன் பசிக்கும் நேரத்துக்குச் சாப்பிட வீட்டில் இருக்க முடிந்தது.

இருக்க முடியாதவர்களைப் பற்றி யாரும் பாடவில்லையா என்று தேடினால், பாடியவரும் ஓர் அரசர்தான். குலசேகர ஆழ்வார். பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல். பெற்றவள் அவள். ஆனால் கண்ணன் பிறந்த இரவே ஆயர்பாடிக்குப் போய்விட்டான். தாலாட்டவில்லை, தவழ்வதைப் பார்க்கவில்லை, வெண்ணெய் அளைந்து அகப்பட்டுக்கொண்டு அழுத முகத்தைப் பார்க்கவில்லை. யசோதைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, எனக்குக் கிடைக்கவில்லையே என்கிறாள். பெரியாழ்வார் பாடியது யசோதையின் பக்கம்: நீராட்டுவது, காது குத்துவது, முதுகில் வந்து கட்டிக்கொள்வது, பூச்சி காட்டிப் பயமுறுத்துவது, பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பிள்ளைமேல் புகார் சொல்வது என்று கண்ணால் கண்ட குறும்புகளின் பெருவிழா அது. குலசேகரர் பாடியது காணாதவள் பக்கம். இரண்டும் நாலாயிரத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று குறைவில்லாமல். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், அந்த நாலாயிரமும் ஓதப்படுகிறது.

அந்தத் திருமொழியில் ஓர் இடம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாரோ குழந்தையிடம் உன் தகப்பன் யார் என்று கேட்கிறார்கள். அது தன் சிவந்த விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக் காட்டுகிறது. சுட்டப்பட்டவன் நந்தன். அந்தப் பேறு அவனுக்கு வாய்த்தது, நல்வினை இல்லாத வசுதேவனுக்கு வாய்க்கவில்லை என்கிறாள் தேவகி. தன் இழப்பையே அழுது தீராதவள், நடுவில் ஒரு நிமிடம் நின்று, தன் கணவனின் இழப்புக்காகவும் அழுகிறாள். வசுதேவன் பேசுவதில்லை. அவனுக்குப் பாட்டு இல்லை. தகப்பனின் ஏக்கத்தைக்கூட இங்கே தாய்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அதைப் பாடிய ஆண்மகனும் தாயின் குரலைக் கடன் வாங்கித்தான் பாடுகிறார். உங்கப்பா என்ன பண்றார் என்று ஆசிரியை கேட்டபோது என் மகன் விரலால் காட்டியது ஒரு மூடிய பிளாஸ்டிக் கதவை.

என்னைவிடத் தேவகிக்கு நெருக்கமானவர்கள் எங்கள் பேருந்திலேயே இருக்கிறார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் ஒடிசாவைச் சேர்ந்தவர். மனைவியும் ஒன்றரை வயது மகனும் அங்கே கிராமத்தில். அவன் 'பாபா' என்று கூப்பிடுவது கைபேசியை. காணொளி அழைப்பு முடிந்து திரை இருண்டதும் பேசியைத் திருப்பிப் பின்பக்கத்தில் அப்பாவைத் தேடுகிறானாம். அதை அவன் அம்மா எடுத்தனுப்பிய படத்தை அவர் எனக்குக் காட்டினார். மூன்று முறை காட்டினார். எனக்கு ஒடியா தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். காலை ஆறரை மணிக்கு இந்தச் சாலையில் போகும் கம்பெனிப் பேருந்துகளுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் நீங்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம்: காதில் கருவியைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, தாமாகவே புன்னகை செய்யும் ஆண்கள், வரிசை வரிசையாக. எல்லோரும் பாட்டுக் கேட்பதில்லை.

ஒரு நாளில் 12 மணிநேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில், மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாட்களும் நான் நாளிதழ் விடாமல் படித்தேன். முதலீடு, உற்பத்தித் திறன், உடல்நலம், தொழிலாளர் உரிமை எல்லாம் பேசப்பட்டன, பேசவேண்டியவைதான். என் வீட்டில் அந்தக் கணக்கை மூத்தவன் வேறுவிதமாகப் போட்டான். பன்னிரண்டு மணிநேர வேலை, போக வர இரண்டு, உறக்கம் எட்டு. மீதி இரண்டில் குளியலும் சாப்பாடும் கழித்து, "அப்ப எங்களுக்கு அரை மணிதான் வருதுப்பா. மூணு பேருக்கும் சேத்து" என்றான். ஆளுக்குப் பத்து நிமிடம். மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் அப்படி எதையும் வைக்கவில்லை. என் மூன்றாவது மகன் பிறந்ததற்கு நான் எடுத்தது சேர்த்து வைத்திருந்த நான்கு நாள்.

துணுக்கு என்று என் நண்பர் ஒதுக்கியதில் பாதி நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குழந்தை சொன்ன ஒரு வேடிக்கையை மட்டும் பிய்த்தெடுத்து, கீழே ஒரு சிரிப்பையும் வைத்து அச்சிட்டால், அதில் குழந்தையும் இருப்பதில்லை, வீடும் இருப்பதில்லை. அது யார் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குறை பொருளில் இல்லை. எழுதியவர் தான் எங்கே நின்று அதைக் கேட்டார் என்று சொல்லாததில் இருக்கிறது. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பிடிவாதமும் கேலியும் நிறைந்த கதைதான் அது. கதைசொல்லி எல்லோரையும் நேசிக்கிறான். ஆனால் சாரங்கன் என்ற பையன் தன் கண்ணில் சரியாகப் படவில்லை என்பது, அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லும்போதுதான் தெரிகிறது. பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் பார்க்கத் தவறியதைப் பற்றிய கதை. அதனால்தான் அதை வாசித்தவர்களுக்குச் சாரங்கனை மறக்க முடிவதில்லை. கி.ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' குருவி முட்டைகளின் பின்னால் அலையும் ஒரு சிறுவனை எந்தப் பெரிய காரியத்துக்கும் அடையாளமாக்காமல் சிறுவனாகவே விட்டுவைத்தது என்பதும் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி அப்படி எழுத எவ்வளவோ இருக்கிறது. கம்பெனி விளையாட்டு என்று ஒன்று இந்தத் தெருவில் நடக்கிறது. கழுத்தில் கயிறு கட்டித் தீப்பெட்டி அட்டையைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அது அடையாள அட்டை. ஒருவன் செக்யூரிட்டி. விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டி நிற்பான். உள்ளே போகும் ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்டவேண்டும். எதிர்வீட்டு ஆயா ரேஷன் அரிசியுடன் வந்தபோது, "ஐடி இல்லாம உள்ள விடமுடியாது" என்று நடுவன் மறித்திருக்கிறான். ஆயா ரேஷன் கார்டை எடுத்துக் காட்டியதும் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ உங்க மாதிரி இல்ல, சூப்பர்வைசரக் கூட்டிட்டு வாங்க" என்றானாம். சூப்பர்வைசர் பதவியில் இருந்த சின்னவன் அப்போது சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான். மூத்தவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பாடப்புத்தகத்தில் அல்ல, பேருந்துகளின் முன் ஒட்டிய கம்பெனிப் பெயர்களில். கோயிலுக்குப் போனபோது, இங்கே பிறந்த ராமானுஜருக்கு 2017இல் ஆயிரமாண்டு கொண்டாடினார்கள் என்று நான் சொன்னதைக் கேட்டுச் சன்னதியை நெடுநேரம் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "ஆயிரம் வருஷமாவா இங்க இருக்கார்? ரிடையர்மெண்ட் கிடையாதா?"

இவற்றில் நான் நேரில் கண்டது கடைசி ஒன்றை மட்டுமே. மற்றவையெல்லாம் மனைவி சொல்லக் கேட்டவை.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அவளிடம் படித்துக் காட்டினேன். தேவகி வரை அமைதியாகக் கேட்டாள். பிறகு, "ஏங்க, யசோதைக்கு மட்டும் எல்லாம் வெண்ணெயா இருந்துச்சா?" என்றாள். இருபத்து நான்கு மணிநேரத்தில் அரைமணி நேரம் வேடிக்கை. அதைத்தான் தேர்ந்தெடுத்துக் குரல்பதிவாக அனுப்புகிறாள். மீதி இருபத்து மூன்றரை மணிநேரத்தை அவள் அனுப்புவதில்லை. வாந்தி, பேன், வீட்டுப்பாடம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் 'ஷ்ஷ்' என்று அடக்கவேண்டிய பகல்கள், அடக்கியதற்காகப் பிறகு அவளே அழுதது. "உங்களுக்கு வர்றது வடிகட்டுனது. சக்கை இங்கதான் இருக்கு." நான் பதில் சொல்லவில்லை. கம்பெனி விளையாட்டைக்கூட அவள் சிரித்துக்கொண்டே சொன்ன குரலில்தான் எனக்குத் தெரியும். அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் இருந்ததை இப்போதுதான் சொன்னாள். பெரியாழ்வாரின் யசோதை பிள்ளை தன்னை இளைக்கச் செய்துவிட்டதாகவும் சொல்வாள் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

ஆனாலும் சில வடிகட்டாமலும் வந்து சேர்கின்றன. 'சி' ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள், நல்ல உறக்கத்தில், ஒரு கண்ணில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. சின்னவன் கட்டில் விளிம்பில் முழங்காலிட்டு என் இமையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தான். பின்னால் நின்ற நடுவன் கிசுகிசுத்தான்: "உள்ள இருக்காராடா?" சின்னவன் குனிந்து உற்றுப் பார்த்தான். "இருக்காரு." இமையை மெல்ல மூடிவிட்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு இருவரும் போய்விட்டார்கள். வேறெதற்கும் வரவில்லை.

இன்னொரு நாள் இரவு ஆலையில் உடை மாற்றும்போது, பாதுகாப்புக் காலணிக்குள் கால் நுழையாமல் ஏதோ தடுத்தது. கையை விட்டு எடுத்தால் நான்காக மடித்த தோசை, ஓரம் கடித்தது. அப்பாவுக்கு ராத்திரி பசிக்கும் என்று சின்னவன் வைத்திருக்கிறான். வைக்கும் முன் தானும் கொஞ்சம் தின்றிருக்கிறான். பிள்ளை வாரி உண்ட சோற்றின் மிச்சில் எனக்குக் கிடைக்கவில்லையே என்று தேவகி அழும் இடம் அப்போது நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்போது நினைவுக்கு வந்தது அந்தக் காலணி துவைத்து எத்தனை மாதமாயிற்று என்பதுதான். ஊதித் தட்டிவிட்டுத் தின்றேன்.

சில மாதங்களாக மூத்தவன் ஒரு வேலை செய்துவருகிறான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், நான் உறங்கும்போது வீட்டில் நடந்ததை எழுதி என் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "இன்று தம்பி சுவரில் யானை வரைந்தான். அம்மா அடித்தாள். யானையை அல்ல." "இன்று மழை. கரண்ட் இல்லை. நீங்கள் வேர்த்துக்கொண்டே தூங்கினீர்கள். நான் விசிறினேன். கை வலித்ததால் நிறுத்திவிட்டேன்." எழுத்துப் பிழைகளை நான் திருத்துவதில்லை, இங்கே மட்டும் திருத்தியிருக்கிறேன். என் நண்பர் கேட்டால் நான் காட்டக்கூடிய இலக்கியம் இப்போதைக்கு இதுதான். பள்ளி வேன் அருகே முத்தம் கொடுத்தால் துடைத்துக்கொள்ளும் வயதுக்கு அவன் வந்துவிட்டான். ("வீட்டுல குடுங்கப்பா, இங்க வேணாம்.") இந்தத் தாள்கள் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாது, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் காணவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் கூடவே இருந்தீங்களேப்பா" என்றான்.

ஆகவே அன்று நடந்ததை நானே எழுதவேண்டியிருக்கிறது. மாலையில் நால்வரும் ஏரிக்கரைக்குப் போனோம். மீன்கள் செருப்புப் போடுமா என்று நடுவன் கேட்டான். போடாது என்றேன். போட்டுப் பார்த்திருக்கிறதா என்றான். நான் பதிலை யோசிப்பதற்குள் சின்னவன் தன் வலதுகால் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டான். அது கொஞ்ச தூரம் மிதந்து போய் ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டது. மூத்தவன் திட்டினான். நடுவன் கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்திருந்துவிட்டு, "ஒத்தச் செருப்ப வச்சிக்கிட்டு மீன் என்னப்பா பண்ணும்?" என்று கேட்டபடியே மற்றதையும் எடுத்து எறிந்தான். சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் நான்கு பேரும் வழிநெடுகப் பேசிக்கொண்டே, சத்தமாகவே பேசிக்கொண்டே, வீடு வரை வந்தோம்.